மார்கழிக் குளிர்தானே என்று நாயைக் காரில் பூட்டிவிட்டுப் போகலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர்ப் பக்கம் குளிர்காலம் என்று ஒன்று உண்டா? இதற்கெல்லாம் கேள்வி பதில் தேவையா?

பனி கொட்டும் நாடுகளில், நிறுத்தி வைத்த கார் சற்று நேரத்தில் ஐஸ்பெட்டி ஆகிவிடும், நாயை உள்ளே விட்டுப் போகாதீர்கள் என்று குளிர்காலந்தோறும் எச்சரிப்பார்கள். அதைக் கேள்விப்படும் நம்மவர்கள் வேறொரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். அங்கே பூஜ்யத்துக்கும் கீழே. இங்கே கடுங்குளிர் என்று நாம் போர்த்திக்கொள்ளும் விடியற்காலையிலேயே 20 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அப்படியானால் கார்த்திகை முதல் மாசி வரை நாயைக் காரில் விட்டுப் போக உகந்த காலம் என்று நினைக்கிறார்கள்.

உண்மையில் டெல்டாவில் இந்த நான்கு மாதங்களிலும் காருக்குள் இருக்கும் பிராணிக்கு முதல் எதிரி வெயில்தான். இரண்டாவது எதிரி ஈரம். குளிர் மூன்றாவது இடத்தில்தான் வருகிறது. அதுவும் பெரும்பாலும் நாம் கொடைக்கானலுக்கோ ஊட்டிக்கோ காரை ஏற்றும்போது. சித்திரை வெயிலில் யாரும் நாயைக் காரில் பூட்டத் துணிவதில்லை, கண்ணுக்கு எதிரே கானல் ஓடுகிறது. ஊதக்காற்று அடிக்கும் மார்கழிக் காலையில்தான் அந்தத் துணிச்சல் வருகிறது. அதனால்தான் இந்தப் பதில்கள்.

வெளியே இதமாக இருக்கும்போது காருக்குள் மட்டும் எப்படிச் சூடாகும்?

கண்ணாடி வழியாக வெயில் உள்ளே வந்துவிடுகிறது. இருக்கையும் டேஷ்போர்டும் அந்த வெயிலைக் குடித்துச் சூடாகி, பக்கத்தில் உள்ள காற்றைச் சூடாக்குகின்றன. அந்தச் சூட்டுக்கு வெளியேற வழியில்லை. வெளிக்காற்று எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதைவிட வானம் எவ்வளவு தெளிந்திருக்கிறது என்பதுதான் இதில் முக்கியம்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மருத்துவர்கள் இதை அளந்து 2005-இல் வெளியிட்டிருக்கிறார்கள். வெளியே வெறும் 22 டிகிரி செல்சியஸ் இருந்த நாளிலும், பூட்டிய காருக்குள் ஒரு மணி நேரத்தில் 47 டிகிரி வரை ஏறியது. அவர்கள் கண்டவற்றில் நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று: ஒரு மணி நேரத்தில் ஏறும் சூட்டில் சுமார் 80 விழுக்காடு முதல் அரை மணிக்குள்ளேயே ஏறிவிடுகிறது. "அரை மணியில் வந்துவிடுவோம்" என்பது ஆறுதல் இல்லை.

நம் மார்கழிப் பகல் 28, 29 டிகிரிக்குப் போகும். பனி விலகி ஒன்பது மணிக்கு மேல் பளிச்சென்று வெயில் விழுந்தால், கல்லணைச் சாலையோரம் நிற்கும் காரும் கலிபோர்னியாவில் நிற்கும் காரும் ஒன்றுதான்.

இதற்கு மேல் டெல்டாவுக்கே உரிய ஒரு சங்கடம் உண்டு. நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. உள்ளங்காலில் கொஞ்சம் வியர்க்கும், அவ்வளவே. நாக்கை நீட்டி இரைத்து, வாயின் ஈரத்தை ஆவியாக்கித்தான் அது உடம்பைத் தணித்துக்கொள்கிறது. காற்று உலர்ந்திருந்தால் இந்த வித்தை நன்றாக வேலை செய்யும். வடகிழக்குப் பருவமழை விட்டும் விடாமலும் இருக்கும் நாட்களில், வயலெல்லாம் தண்ணீர் நிற்க, கடல்காற்றும் வீச, நம் காற்றில் ஏற்கெனவே ஈரம் ததும்புகிறது. மூடிய காருக்குள் நாயே தன் மூச்சால் மேலும் ஈரத்தைச் சேர்க்கிறது. அதன் பிறகு எவ்வளவு இரைத்தாலும் ஆவியாக இடமில்லை.

கும்பகோணத்தில் ஒரு கோயில் வாசலில் தை மாதக் காலை ஒன்றில் பார்த்தது இது. வெள்ளைக் கார், பின்னிருக்கையில் லாப்ரடார். பின்கண்ணாடி முழுக்க உள்பக்கமாக வேர்த்திருந்தது. நாயின் மூக்கு தேய்த்த இடங்களில் மட்டும் கோடுகோடாகத் தெளிந்திருந்தது. கதவின் உள்கைப்பிடி அருகே எச்சில் நூலாகத் தொங்கியது. வெளியே நின்றவர்கள் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டிருந்தார்கள். கார்க்காரர் பிரசாதத் தொன்னையோடு வந்து கதவைத் திறந்ததும் நாய் குதிக்கவில்லை. இருக்கையிலிருந்து வழுக்கி இறங்கியது. அதை அவர் சோம்பல் என்று நினைத்தார். அக்கம்பக்கத்தில் பூ விற்றவர்கள்தான் குடத்துத் தண்ணீரை எடுத்து ஊற்றினார்கள்.

கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கி வைத்தால் போதாதா?

போதாது. மேலே சொன்ன அளவீட்டிலேயே, கண்ணாடியைச் சிறிது இறக்கி வைத்தும் சூடு ஏறும் வேகம் குறையவில்லை. நாய் தலையை நுழைக்கும் அளவுக்கு இறக்கினால் வேறு ஆபத்து: கழுத்து மாட்டிக்கொள்ளும், அல்லது வெளியே குதித்துவிடும்.

நிழலில் நிறுத்தினால்?

சூடு ஏறுவது தாமதமாகும், நிற்காது. நிழலும் ஓர் இடத்தில் நிற்பதில்லை. மார்கழி, தையில் சூரியன் உச்சிக்கு வருவதே இல்லை. நடுப்பகலிலும் தெற்கே சாய்ந்துதான் காய்கிறது. ஆகவே கூரையில் விழ வேண்டிய வெயில் பக்கவாட்டுக் கண்ணாடி வழியாக நேரே இருக்கையில் விழும். மரத்தடியில் நிறுத்தியிருக்கிறேன் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கும்போது, மரத்தின் நிழல் வடக்கே பக்கத்துக் காரின்மேல் கிடக்கும். இந்த மாதங்களில் நம்பகமான நிழல் உயரமான மதிலின் வடபுறம்தான். அங்கேயும் நாயோடு ஓர் ஆள் இருக்க வேண்டும் என்பதில் மாற்றமில்லை.

ஏசியை ஓடவிட்டுப் பூட்டிவிட்டுப் போகலாமே?

இந்தக் கேள்விதான் படித்தவர்களிடமிருந்து அதிகம் வருகிறது. ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜின் நின்றுபோனால் நாய் உங்களுக்குத் தொலைபேசியில் சொல்லப்போவதில்லை. கம்ப்ரஸர் மட்டும் நின்று காற்றாடி ஓடிக்கொண்டிருந்தால், வெளிச்சூட்டையே உள்ளே ஊதும். நாய் கண்ணாடிப் பொத்தானை மிதிக்கும், கதவுப் பூட்டை அழுத்திவிடும். சாவி உள்ளேயே இருந்தால் பிறகு நீங்களும் வெளியேதான். மூடிய ஷெட்டிலோ மண்டபத்தின் கீழ்த்தள நிறுத்தத்திலோ இன்ஜினை ஓடவிட்டால் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

இது சட்டத்துக்கும் ஆகாது. ஓட்டுநர் இருக்கையில் உரிமம் உள்ளவர் இல்லாமல், இன்ஜினை நிறுத்தாமல் பொது இடத்தில் வண்டியை விட்டுப் போகக் கூடாது என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 126-ஆம் பிரிவு. சில மின்கார்களில் பிராணிகளுக்கென்றே குளிரூட்டும் வசதி வந்திருக்கிறது. பேட்டரி தீராதவரை அது வேலை செய்யும். அதை நம்பி ஒரு பொட்டலம் மருந்து வாங்கி வரலாம். கல்யாணச் சாப்பாட்டுக்குப் போக முடியாது.

வைகுண்ட ஏகாதசி, ஆருத்ரா தரிசனம் என்று விடியுமுன் போகிறோம். இருட்டில் வெயில் ஏது?

இருட்டில் வெயில் இல்லை, உண்மை. ஆனால் ஸ்ரீரங்கத்திலும் சிதம்பரத்திலும் அந்த நாட்களில் வரிசையில் நின்றவர்களைக் கேட்டுப் பாருங்கள்: நான்கு மணிக்கு உள்ளே போனவர் ஏழு மணிக்கு வருவோம் என்று நினைத்திருப்பார், பத்தரைக்கு வெளியே வருவார். செல்பேசியை வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போயிருந்தால் யாரும் அழைக்கவும் முடியாது. போகும்போது இருந்த கார் வேறு, வரும்போது இருக்கும் கார் வேறு.

இருட்டு இருக்கும்வரை எதிரி ஈரக்குளிர். "தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்பார்கள். காரின் கூரைத் தகடு தெளிந்த வானத்துக்குத் தன் சூட்டை விட்டுவிட்டுச் சீக்கிரமே சில்லிட்டுப் போகும். காலையில் அதன்மேல் பனி முத்துமுத்தாக நிற்பது அதனால்தான். உடம்பு காய்ந்திருக்கும் பெரிய நாய்க்கு 20 டிகிரி பெரிய விஷயமே இல்லை. ஆற்றில் இறங்கியோ மழையில் நனைந்தோ வந்து ஈரத்தோடு படுத்த நாய்க்கு அதே 20 டிகிரி நடுக்கத்தைக் கொடுக்கும்.

எந்தப் பிராணிகளுக்குக் குளிர் சீக்கிரம் ஏறும்?

பிறந்து சில வாரங்களே ஆன குட்டிகளுக்கு முதலில். அவற்றால் நடுங்கிக்கூட உடம்பைச் சூடாக்கிக்கொள்ள முடியாது. தாயின் வயிறுதான் அவற்றின் போர்வை. சென்னையிலிருந்து குட்டி வாங்கி இரவோடிரவாகக் காரில் கொண்டுவருபவர்கள், ஏசி காற்று நேரே படும் இடத்தில் அட்டைப்பெட்டியை வைக்காதீர்கள்.

அடுத்தது ஒல்லி உடம்பும் மெல்லிய ரோமமும் உள்ளவை. சிப்பிப்பாறையும் கன்னியும் தென்மாவட்டக் கரிசல் வெயிலுக்குப் பழகிய வேட்டை நாய்கள். தோலுக்கடியில் கொழுப்பு மிகக் குறைவு. கிழட்டு நாய், மூட்டுவலி உள்ளது, நோயிலிருந்து தேறுவது, குளிப்பாட்டி முழுதாக உலராதது ஆகியவையும் இந்தக் கணக்கில் வரும். பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு எதிர்ப்பக்கம் ஆபத்து: சரியாக இரைக்க முடியாததால் சூடு அவற்றை முதலில் தாக்கும்.

கொடைக்கானல் போகிறோம். விடுதியில் நாயை அனுமதிக்கவில்லை. இரவு காரில் படுக்க வைக்கலாமா?

கூடாது. டெல்டாவிலிருந்து மலையேறும் குடும்பங்கள் செய்யும் பெரிய அபத்தம் இது. கடல்மட்டத்திலிருந்து ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் ஏறும்போதும் காற்று ஏறத்தாழ 6 டிகிரி குளிர்கிறது. கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல்; ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல். காலையில் மன்னார்குடியில் மூச்சிரைத்த நாய் மாலையில் ஸ்வெட்டர் தேடும் இடத்துக்கு வந்துவிடுகிறது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் ஊட்டியின் பள்ளமான புல்வெளிகளில் உறைபனியே விழும். காலையில் கார்க் கூரையில் வெள்ளைவெளேரென்று படிந்திருக்கும்.

இன்ஜின் நின்ற கார் சூட்டைப் பிடித்து வைக்காது. தகடும் கண்ணாடியும் அதை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். நள்ளிரவுக்குள் உள்ளே வெளியே வித்தியாசம் போய்விடும். வெளியே என்றால் நாய் சுருண்டு படுக்க ஒரு மூலை தேடும், நடக்கும், ஓடும். காருக்குள் அதற்கும் வழியில்லை. இடம் பதிவு செய்யும்போதே நாய் வருகிறது என்று சொல்லிக் கேட்டுவிடுங்கள். அனுமதிக்கும் இடங்கள் இருக்கின்றன. கிடைக்கவில்லை என்றால் நாயை ஊரில் விட்டுப் போங்கள். அதற்கு மலை பார்க்க வேண்டும் என்ற ஆசை கிடையாது.

குளிர் தாக்கிவிட்டது என்று எப்படித் தெரியும்? என்ன செய்வது?

முதலில் நடுக்கம், உடலைக் குறுக்கிக்கொள்ளுதல், முனகல். பிறகு தள்ளாட்டம், அழைத்தால் மந்தமாகத் திரும்புதல். நடுங்கிக்கொண்டிருந்த நாய் உடம்பு சூடாகாமலேயே நடுக்கத்தை நிறுத்தினால் தேறிவிட்டது என்று எண்ணாதீர்கள். அப்போதுதான் நிலைமை மோசம். நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி வரை, நம்முடையதைவிடக் கூடுதல். 37-க்குக் கீழே போனால் மருத்துவரிடம் பேசுங்கள்.

ஈரத்தைத் துவட்டி, கம்பளியில் சுற்றி, உங்கள் மடியோடு அணைத்துக்கொள்ளுங்கள். வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி வயிற்றுப் பக்கம் வைக்கலாம். வெறும் பாட்டில் தோலைப் பொசுக்கும்.

பிராந்தி புகட்டாதீர்கள். குட்டி நாய்க்கு இரண்டு சொட்டு என்று இன்றும் செய்கிறார்கள். மது தோலின் ரத்தக் குழாய்களை விரித்து, இருக்கிற சூட்டையும் வெளியே அனுப்பிவிடும். ஊட்டியில் வாங்கிய நீலகிரித் தைலத்தையும் தடவாதீர்கள். நாய் நக்கி விழுங்கிவிடும், பூனைக்கு அது நஞ்சு. சூடமும் அப்படியே.

சூடு தாக்கினால்?

விடாத இரைப்பு, கெட்டியாக வடியும் எச்சில், செக்கச் சிவந்த ஈறு, கால் பின்னல், வாந்தி. உடல் வெப்பம் 41 டிகிரியைத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து.

முதலில் தண்ணீர், பிறகுதான் மருத்துவமனை. இந்த வரிசை மாறக் கூடாது. நிழலுக்குக் கொண்டுவந்து உடல் முழுக்கத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். வயிறும் தொடை இடுக்கும் நன்றாக நனைய வேண்டும். குழாய்த் தண்ணீரே போதும். டெல்டாவில் தெருவுக்கு ஒரு கைப்பம்பு இருக்கிறது. ஈரத்துண்டைப் போர்த்தி அப்படியே விட்டுவிடாதீர்கள், சற்று நேரத்தில் துண்டே சூடாகி மூடி போட்டதுபோல் ஆகிவிடும். நினைவோடு இருந்தால் குடிக்கத் தண்ணீர் வையுங்கள், வாயில் ஊற்றாதீர்கள். வெப்பமானி இருந்தால் 39.5 வந்ததும் நனைப்பதை நிறுத்துங்கள். பாராசிட்டமால் வேண்டாம், இது காய்ச்சல் இல்லை, அந்த மாத்திரை பூனையைக் கொன்றுவிடும்.

நாய் எழுந்து வாலாட்டினாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீரகமும் ரத்தம் உறையும் தன்மையும் கெட்டிருப்பது மறுநாள்கூடத் தெரியவரலாம். பக்கத்தில் அரசு கால்நடை மருந்தகம் எது என்று புறப்படும் முன்பே கேட்டுவைத்துக்கொள்வது நல்லது. தஞ்சை மாவட்டத்தில் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

நவக்கிரகக் கோயில்களைச் சுற்றிவர வீட்டோடு புறப்படுகிறோம். நாயை விட்டுவர ஆளில்லை. என்னதான் வழி?

முறை போட்டுக்கொள்ளுங்கள். சூரியனார் கோயில், கஞ்சனூர், திருநாகேஸ்வரம், ஆலங்குடி, திருநள்ளாறு என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒருவர் நாயோடு காருக்கு வெளியே நிற்பது என்று வைத்துக்கொண்டால், ஒருவருக்கு ஒன்றிரண்டு தரிசனம்தான் தவறும். வாடகைக் காரானால் ஓட்டுநரிடம் புறப்படும் முன்பே கேட்டு, அதற்குத் தனியாகப் பணம் பேசிவிடுங்கள். கோயிலை அடைந்த பிறகு கயிற்றை அவர் கையில் திணிப்பது மரியாதையில்லை. நாய்க்குப் பயப்படுகிறவராகவும் இருக்கலாம்.

மார்கழியில் கல்யாணம் கிடையாது, தை பிறந்ததும் மண்டபத்துக்கு மண்டபம் முகூர்த்தம். அங்கே இன்னும் எளிது: சமையற்கட்டின் பின்புறம், மாட்டுக்கொட்டகைப் பக்கம், தெரிந்தவர் வீட்டுத் திண்ணை என்று கேட்டால் ஓர் இடம் கிடைக்கும். சம்பா அறுவடை நேரமானால் வைக்கோலுக்கும் பஞ்சமில்லை. உறவினர் வீட்டில் கேட்கக் கூச்சப்பட்டு நாயைக் காரில் பூட்டுகிறவர்களைக் கண்டால் எனக்குப் புரிவதே இல்லை. நமக்காக நான்கு இலை கூடுதலாகப் போடச் சொல்லும் உரிமை இருக்கிறது, ஒரு சட்டித் தண்ணீர் கேட்க இல்லையா?

வேறொருவர் காரில் நாய் தவிப்பதைப் பார்த்தால் கண்ணாடியை உடைக்கலாமா?

அதற்கு முன் செய்ய வேண்டியவை பல. வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு கோயில் அலுவலகத்திலோ மண்டபத்திலோ ஒலிபெருக்கியில் அறிவிக்கச் சொல்லுங்கள். நம் ஊரில் இதைவிட வேகமான வழி இல்லை. கதவுகளை எல்லாம் இழுத்துப் பாருங்கள், ஒன்று பூட்டாமல் இருக்கும். 112-க்குச் சொல்லுங்கள். கண்ணாடி மேல் வேட்டியையோ நனைந்த சாக்கையோ போட்டு வெயிலை மறையுங்கள். பிராணியை மீட்கப் பிறர் கார்க் கண்ணாடியை உடைக்கலாம் என்று அமெரிக்காவின் சில மாநிலங்களில் தனிச் சட்டமே உண்டு. இங்கே அப்படி ஒன்று இல்லை. உயிர் போகும் நிலைதான் என்றால், போலீசாரோ நான்கு சாட்சிகளோ இருக்க, படம் எடுத்துக்கொண்டு, நாய் இருக்கும் இடத்துக்கு எட்டத்தில் உள்ள சிறிய கண்ணாடியில் செய்வதே உங்களுக்குப் பாதுகாப்பு.

காரில் விட்டுப் போனவருக்குத் தண்டனை உண்டா?

1960-ஆம் ஆண்டு விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, பிராணிக்குத் தேவையற்ற வலியோ துன்பமோ உண்டாக்குவதைக் குற்றம் என்கிறது. முதல் முறைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. அச்சுப்பிழை இல்லை. கார் நிறுத்தக் கட்டணமே சில இடங்களில் அதைவிட அதிகம். தெரிந்தே பிராணியைக் கொன்றாலோ ஊனமாக்கினாலோ இப்போதைய குற்றவியல் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவு ஐந்து ஆண்டு வரை சிறை என்கிறது.

பூனை, கிளி, ஆட்டுக்கிடா?

பூனைக்கும் மேலே சொன்ன அத்தனையும் பொருந்தும்; கூடையிலிருந்து திறந்துவிடாதீர்கள், பிரேக் மிதிக்கும் இடத்தில் போய்ப் பதுங்கும். லவ் பேர்ட்ஸ் போன்ற சிறு பறவைகள் சூட்டையும் குளிரையும் நாயைவிட வெகு குறைவாகவே தாங்கும். வேண்டுதல் கிடாவை டிக்கியில் ஏற்றுகிறவர்களுக்கு ஒரே பதில்: டிக்கி உயிருள்ள எதற்கும் இடமில்லை.

காலையில் காரை எடுக்கும்போது பானட்டைத் தட்டச் சொல்கிறார்களே, எதற்கு?

இரவில் ஓடி வந்து நின்ற காரின் இன்ஜின் சில மணி நேரம் வெதுவெதுப்பாக இருக்கும். தெருப் பூனையும் குட்டிகளும் கீழ்வழியாக ஏறி அங்கே படுத்துக்கொள்ளும்; நாய்க்குட்டிகள் டயருக்கு அடியில் சுருண்டிருக்கும். பானட்டில் இரண்டு தட்டு, ஒருமுறை ஹாரன், குனிந்து சக்கரங்களுக்கு அடியில் ஒரு பார்வை, பிறகு சாவி. மழை முடிந்த மாதங்களில் வயலோரம் நிறுத்தியிருந்தால் பானட்டைத் திறந்தே பாருங்கள். கதகதப்பைத் தேடி வருவது பூனையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, பாம்பும் வரும்.

குனியும்போது தரையில் பச்சையாகவோ சிவப்பாகவோ கசிவு தெரிந்தால் அது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டாக இருக்கலாம். பெரும்பாலான கூலன்ட்களில் எத்திலீன் கிளைக்கால் இருக்கிறது. இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கும். சிறிதளவு போனாலே சிறுநீரகம் செயலிழக்கும். நக்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே போதும், அறிகுறிக்குக் காத்திராமல் உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். தரையில் மண்ணைப் போட்டு உறிஞ்சவிட்டு, அள்ளி அப்புறப்படுத்தி, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள்.